காணும் பொங்கலன்று யாரோடு நடந்தோம்

அந்த வருஷக் காணும் பொங்கலுக்கு ஊரே லாரி பிடித்து மாமல்லபுரம் போனது. நாங்கள் மட்டும் பஸ்ஸில் ஏறி, திருக்கழுக்குன்றம் ரோட்டில் பாதி வழியில் இறங்கி, டிபன் கேரியரும் தண்ணீர்க் கூஜாவுமாகக் காப்புக்காட்டுக்குள் நுழைந்தோம். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "சும்மா, காத்தாட நடந்துட்டு வரலாம்னு" என்று அம்மா சொல்லியிருந்தாள். சும்மா ஒன்றும் இல்லை. என்னைப் பெண் பார்க்கத்தான் அத்தனை ஏற்பாடும்.

ஏன் காட்டில் என்றால், வீட்டில் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு, வந்தவர்கள் தின்றுவிட்டுப் போனதும் தெரு முழுக்க "இன்னா ஆச்சு?" என்று விசாரிக்கும். சர்ச்சில் வைத்துப் பார்க்கலாம் என்றால் பிரசங்கம் முடிவதற்குள் சபைக்கே தெரிந்துவிடும். அதனால் அம்மாவின் அண்ணன் இந்த யோசனையைச் சொன்னார். இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்த மாதிரி காட்டுக்குள் சேர்ந்து நடப்பது. பிடித்திருந்தால் பிறகு பேசிக்கொள்வது. ஒரே ஒரு நிபந்தனை, பெண் பார்க்க வந்த விஷயத்தை இரண்டு பக்கத்திலும் யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது.

நான் அப்போது செங்கல்பட்டில் டெலிபோன் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுத் தரும் வேலை. பாதி நாள் ராத்திரி டூட்டி. எல்லாச் சம்பந்தமும் அதில்தான் வந்து இடித்தது. வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு நைனாவிடம், "கல்யாணத்துக்கு அப்பால பொண்ணு வேலைய வுட்டுடுமா?" என்று கேட்பார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன், யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாதவர். "அதுக்கின்னாங்க, வுட்டுடும்" என்று உடனே சொல்லிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விட்டுவிடும் என்று அவர் சத்தியம் செய்த பிறகும், ராத்திரியெல்லாம் வெளியே இருந்த பெண் என்று தட்டிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். பரீட்சை எழுதி நானாக வாங்கிய வேலை அது. எனக்கு வேலையும் வேண்டும், கல்யாணமும் வேண்டும். அப்படி நினைப்பது பேராசையா என்றுகூட எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாமா வந்து ஆளைக் காட்டித் தருவதாகப் பேச்சு. பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் மாமாவைக் காணோம். வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றுவிட்டு, அவர் சொல்லியிருந்த அடையாளங்களை நம்பி நடந்தோம். பையனுக்குக் கல்பாக்கத்தில் வேலை, மூக்குக் கண்ணாடி போட்டிருப்பான், அம்மாவும் அக்காவும் அக்கா குழந்தையும் கூட வருவார்கள், ஏரிக்கரை ஆலமரத்தடியில் இருப்பார்கள்.

ஏரி எங்கே என்று எதிரே வந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் "தோ கீது" என்றார்கள். ஈச்சம்புதரும் காரைச்செடியுமாக ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து போனது, ஏரி மட்டும் வரவில்லை. ஹெட்போன் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு அந்த அமைதியே ஒரு மாதிரியாக இருந்தது. நடை பழகுகிற மாதிரி மெதுவாகப் போ, முதுகை நிமிர்த்து, சிரிக்காதே, உம்மென்றும் இருக்காதே என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். இதில் எதைச் செய்வது?

ஒருவழியாக ஏரி வந்தது. ஆலமரம் இருந்தது. அடியில் ஒரு பெரியம்மா, இளம்பெண் ஒருத்தி, கண்ணாடி போட்ட ஓர் ஆள். அவர் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

நைனா தயங்கித் தயங்கிப் போய், "தம்பிக்கு எங்க வேல? கல்பாக்கமா?" என்றார்.

"ஆமாங்க. எலக்ட்ரீசியன்" என்றார் அவர்.

அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேருக்கு அங்கேதான் பிழைப்பு என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மா டிபன் கேரியரைப் பிரித்து அவர்களுக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்தாள். எங்களுக்கு வைக்கவில்லை. அவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். வெளியே காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடேறி இறங்கினால் மறுபக்கம் ரோடு என்றார்கள். சேர்ந்தே நடந்தோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சமைக்கத் தெரியுமா என்று அந்தப் பெரியம்மா கேட்கவில்லை. என் நடையையும் பார்க்கவில்லை. "முன்னால போவாதம்மா, முள்ளு கீது" என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே சூரைமுள் என் சேலையைப் பிடித்துக்கொண்டது. அந்த இளம்பெண் உட்கார்ந்து, நூல் பிரியாமல் ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டாள். "நாத்தனார்காரி தங்கமான பொண்ணு" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

பிறகு அவர், அந்தக் கண்ணாடிக்காரர், என் பக்கமாக நடந்து வந்து எனக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். ராத்திரி டூட்டியும் உண்டு என்று வேண்டுமென்றே சேர்த்துச் சொன்னேன். வருகிற அடி வரட்டும் என்று இருந்தது.

"எனக்கும் ஷிப்டுதாங்க," என்றார் அவர். "உங்களுக்குப் பகல்ல தூக்கம் வருதா?"

நான் நின்றுவிட்டேன். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. வருவதில்லை என்றேன். பக்கத்து வீட்டு ரேடியோவை, கூரைத் தகரத்தின் சூட்டை, கண்ணை மூடினாலும் காதுக்குள் "ஹலோ ஹலோ" என்று கேட்பதை எல்லாம் சொன்னேன். ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டிப் பாருங்கள் என்றார். வேலையை விடச் சொல்கிறார்கள் என்றேன். "எதுக்கு?" என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நைனா எங்களுக்குச் சற்று முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார்.

மேட்டுக்கு ஏறும்போது அம்மா என்னை ஒரு புதருக்குப் பின்னால் இழுத்துப்போய், "பிடிச்சிருக்காடி?" என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

மேட்டின் மேலிருந்து தூரத்தில் கடல் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் நின்றோம். அப்போது குழந்தை விழித்துக்கொண்டு, "நைனா! நைனா!" என்று கத்தியது.

எங்கள் நைனா பழக்கதோஷத்தில் திரும்பினார். அந்தக் கண்ணாடிக்காரரும், "இன்னாடா கண்ணு?" என்று குழந்தையின் முகத்தைத் துடைத்தார். அந்த இளம்பெண் வந்து, "உங்க நைனாவுக்குத் தோள் வலிக்கும், எங்கிட்ட வா" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அம்மா அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமா என்று பெரியம்மா கூஜாத் தண்ணீரை நீட்டினார். யாரிடம் என்ன சொல்ல முடியும்? நாங்கள் எதற்கு வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அடுத்தவள் புருஷனையா பிடித்திருக்கிறது என்றோம் என்று உடம்பு கூசியது. அந்த ஆள் என்ன தப்பு செய்தார்? நான்தான் என்ன செய்தேன்? அவர்கள் முட்டைக்கு நன்றி சொல்லிவிட்டு, கையசைத்து, கடல் பக்கமாக இறங்கிப் போனார்கள்.

நாங்கள் மறுபக்கத்து ரோட்டுக்கு இறங்கினால், அங்கே மாமா நின்றுகொண்டிருந்தார். "எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். பஸ்ஸைத் தவறவிட்டு, மறுபக்கத்து வழியாக வந்து, ஏரியின் எதிர்க்கரையில் இருந்த இன்னோர் ஆலமரத்தடியில் காத்திருந்தாராம். கூடவே ஒரு கண்ணாடி, ஓர் அம்மா, ஓர் அக்கா, ஒரு குழந்தை. இந்த மாப்பிள்ளை பெல்பாட்டம் போட்டிருந்தார், என்னைப் பார்த்தார், உடனே அவர் அம்மாவைப் பார்த்தார்.

நாள் வீணாகிப்போன கோபத்தில் அந்த அம்மா நிபந்தனையை எல்லாம் மறந்துவிட்டார். நேராக நைனாவிடம், "ராத்திரி வேலையாமே. கல்யாணத்துக்கு அப்பால வுட்டுடும் இல்ல?" என்றார்.

வழக்கமான பதிலுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"வுடாதுங்க" என்றார் நைனா.

மாமா அவர் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா, "இன்னா பேசிகினு கீற நீ?" என்றாள். நைனா யாரையும் பார்க்காமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அது வேலைய வுடாதுங்க" என்று மறுபடியும் சொன்னார். அந்தச் சம்பந்தம் ரோட்டோடு முடிந்தது.

பஸ்ஸில் அம்மா முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் நைனாவின் பக்கத்தில். அவரா இவர் என்று எனக்கு நம்ப முடியவில்லை. "இன்னாத்துக்கு நைனா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தத் தம்பி உன்ன ஒண்ணு கேட்டாரு பாரு, தூக்கம் வருதான்னு," என்றார். "தெனமும் என் எதிர்லதான் பாயப் போட்டுப் படுக்கற. நான் ஒரு நாளும் கேக்கலியேம்மா."

"வருது நைனா" என்றேன். வருவதில்லை என்று அந்த ஆளிடம் நான் சொன்னதை அவர் கேட்டிருந்தார். இருந்தும் சரி என்று தலையாட்டினார்.