செத்த கிருமியின் தோல்

மருந்து ஏற்றிய சற்று நேரத்தில்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறி நடுக்கம் வந்தது. கட்டிலே ஆடியது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதென்று காலையிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தென்னூர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்திருந்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். "மருந்து போட்டப்புறம்தானே இப்படி ஆச்சு? ஒத்துக்கலை. நிறுத்தச் சொல்லு. கையெழுத்துப் போட்டு வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். திருவெறும்பூர்லேருந்து அவரோட ஃபேக்டரி ஆளுங்க வண்டியோட வந்து நிக்கிறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி மேல் இல்லை, அந்தக் கிருமி மேல். கல்லூரி ஆய்வகத்தில் என் பிழைப்பே அதோடுதான். நம் செல்லின் மேலுறை மெல்லிய கொழுப்புப் படலம். அதே கொழுப்பில் குட்டிக் குமிழிகள் செய்து, செத்த பாக்டீரியாவின் தோலிலிருந்து எடுத்த நஞ்சை ஒரு துளி விடுவேன். அந்த நஞ்சுக்கும் கொழுப்பு வால் உண்டு. வாலைப் படலத்துக்குள் செருகி, சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போதே உருண்டைக் குமிழி நெளியும், முளைவிடும், சில சமயம் உடைந்தே போகும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. கண்ணாடிச் சாமான்களை ஓவனில் வறுத்தெடுக்க வேண்டும். உயிரே இல்லாத ஒன்றுக்கு இத்தனை காரியம் தெரிகிறதே என்று ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

"அண்ணி, மருந்து வேலை செய்யுது. கிருமி சாகும்போது அதோட தோல் ரத்தத்துல கலக்குது. அதைப் பார்த்துத்தான் உடம்பு இப்படி அலறுது. இப்ப நிறுத்தினா மிச்சம் இருக்கிறது பெருகிடும்."

கட்டிலருகே நின்ற டாக்டரும் தலையசைத்தார். "அப்படித்தான் இருக்கணும்மா. இந்த நடுக்கம் அடங்குற வரைக்கும் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிறோம்."

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "உன் கூடப்பொறந்தவரு. நிச்சயமாத்தான் சொல்றியா?"

குமிழிக்குள் நடப்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்குள் என்ன நடக்கிறதென்று சத்தியமாகத் தெரியாது. "ஆமா அண்ணி" என்றேன்.

வண்டி திரும்பிப் போனது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் கண்ணைத் திறந்து காபி கேட்டார். அண்ணி அவர் பாதத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "செத்த கிருமியே இந்த ஆட்டு ஆட்டிச்சா?"

"ஆமா அண்ணி."

"அத்தனையையும் தாங்கியிருக்கே இந்த உடம்பு."

இத்தனை வருஷத்தில் நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. நானும் குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டேன். சூடு தணிந்திருந்தது.