பாதி விளக்கு

போன மாதம் ஒரு பரங்கிக்காய் என்னைப் பழிவாங்கிவிட்டது.

தப்பு பரங்கிக்காயின் மேல் இல்லை. அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மனசை வேறெங்கோ வைத்திருந்தேன். வலது கை ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு. ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, விரலைத் துணிப்பொம்மை மாதிரிச் சுற்றி அனுப்பினார்கள். அதனால் இரண்டு வாரம் இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல, என் பெண் கல்பனா எழுதினாள். ‘கையெழுத்து இப்போதுதான் நன்றாக இருக்கிறது’ என்று பத்திரிகை அலுவலகத்தில் சொன்னார்களாம். இருக்கட்டும்.

பத்தி நிற்கவில்லை. ஆனால் வேறொன்று பாதியில் நின்றுபோனது. அதுதான் உயிரை வாங்கியது.

கல்பனாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை. இங்கே ஆவடியில் நாங்கள் இருப்பது போலவே அங்கேயும் ஒரு குவார்ட்டர்ஸ், ஒரு ஹால், ஒரு வெள்ளைச் சுவர்.

“நகை, பாத்திரம் எல்லாம் சரிம்மா. உன் கையால செஞ்சது ஒண்ணு குடு. அந்தச் சுவத்துல மாட்டிக்கறேன்” என்றாள்.

பெண் இப்படிக் கேட்டால் எந்த அம்மா சும்மா இருப்பாள்? ஐந்து முகக் குத்துவிளக்கு ஒன்றை கிராஸ் ஸ்டிச்சில் போடுவதென்று முடிவு செய்தேன். சின்னச் சின்னக் கட்டமாக நெய்த கறுப்பு மேட்டி துணி. விளக்கு முழுவதும் தங்க நிற மெட்டாலிக் நூல். மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி போன விடுமுறையில் கொண்டுவந்து கொடுத்தது. இங்கே எந்தக் கடையிலும் அந்த நிறம் கிடையாது.

அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்தி நூல் சொன்ன பேச்சைக் கேட்கும். பட்டு நூல் கொஞ்சம் முறைத்துக்கொள்ளும், பிறகு வழிக்கு வரும். இது இரண்டிலும் சேர்த்தியில்லை. உள்ளே வெள்ளையாக ஓர் இழை; அதன் மேல் மூச்சுவிட்டால் பறந்துவிடும் போல ஒரு பொன் தகடு சுற்றியிருக்கும். ஒரு முழம் வெட்டினால் சிக்கு விழும். வேகமாக இழுத்தால் தகடு உரியும். ஊசிக் காதில் உரசினாலே நுனி பிசிறும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு தையலையும் கெஞ்சிக் கூத்தாடித்தான் உட்கார வைக்க வேண்டும்.

ஆனால் ஒரு வரிசை முடித்துத் துணியைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால்... எறும்புகள் ஆளுக்கொரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போவது போல இருக்கும். வேலையை வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. நானா, வேலையைப் பாதியில் வைக்கிறவளா என்று எனக்கே ஆச்சரியம்.

பொதுவாக இந்த மாதிரிப் படத்தை நடுவில் தொடங்கி நாலாபுறமும் விரித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது ஒத்துவராது. பாதி அறையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுத்தான் மறுபாதிக்குப் போகும் ரகம் நான். அதனால் விளக்கின் இடது பாதியை அடிப்பீடத்திலிருந்து உச்சி வரைக்கும், ஒரு தையல் பாக்கியில்லாமல் முடித்தேன். நட்ட நடுவில் கோடு போட்ட மாதிரி வேலை நின்றது. மறுநாள் பரங்கிக்காய்.

கட்டு அவிழ்ந்த பிறகும் விரலில் உணர்ச்சி சரியாக வரவில்லை. ஊசியைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, விளக்கு மட்டும் பாதியாக நிற்கிறது. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, மாடிவீட்டு விமலாதான் கேட்டாள்.

விமலாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அவள் கணவருக்கும் என் கணவருக்கும் ஃபாக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை. எம்பிராய்டரி நன்றாகப் போடுவாள் என்று அவள் வீட்டுத் தலையணை உறைகளே சொல்லும். ஆனால் அவள் ஊசி பிடித்து நான் பார்த்ததில்லை.

“மீதிய நான் போட்டுத் தாரேன்க்கா. துணியக் குடுங்க, மேல கொண்டு போயி வச்சுப் போடுதேன்.”

“இங்கேயே உட்கார்ந்து போடேன், பேச்சுத் துணையா இருக்கும்.”

“இல்லக்கா, அவுக ஷிஃப்டுக்குப் போனப்புறம் வீட்டுல அமைதியா இருக்கும்லா.”

கொடுத்தேன். கொடுக்கும்போது சும்மா கொடுப்பேனா? ஒரு தையல் என்பது பெருக்கல் குறி. இரண்டு சாய்வுக் கால்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று. “மேலே வர்ற கால் எல்லாம் ஒரே பக்கம்தான் சாயணும் விமலா. ஒண்ணு மாறினாலும் அசிங்கமாயிடும்” என்று இரண்டு தடவை சொன்னேன்.

“சரிக்கா” என்றாள்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? உலகத்துக்கே வலது கைதானே!

தினமும் சாயங்காலம் துணி கீழே வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகச் சரிபார்ப்பேன். ஒரு கட்டம் தவறாது. பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். முடிச்சு கிடையாது, குறுக்கே ஓடும் நூல் கிடையாது. முன்பக்கம் போலவே சுத்தம். என்னைவிடச் சுத்தம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை... எழுதிவிட்டேன்.

முடிந்த நாளன்று கல்பனா துணியைக் குப்புறப் போட்டு இஸ்திரி போட்டாள். மறுநாள் காலை அதை ஹால் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தி மாட்டினோம். வெயில் உள்ளே வந்தது. விமலா, கல்பனா, நான் மூன்று பேரும் எதிரில் நின்றோம்.

என் பாதி ஜொலித்தது. அடிப்பீடம், தண்டு, தட்டு, உச்சி அன்னம்... எல்லாம் பொன்.

விமலாவின் பாதி மங்கிக் கிடந்தது. களிம்பு பிடித்த பித்தளை போல.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரே நூல்தான். ஒரே கண்டு. நட்ட நடுவில் அளவுகோல் வைத்துப் பிரித்த மாதிரி, ஒரு பக்கம் எரிகிறது, ஒரு பக்கம் அணைந்திருக்கிறது.

கல்யாணமாகிப் போகிற பெண் வீட்டுச் சுவரில், பாதி அணைந்த விளக்கு! எனக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சாமி மாடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கல்பனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. விமலாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அது வெளுத்துப் போயிருந்தது.

“எக்கா... நான் பீச்சாங்கைக்கா.”

“என்ன?”

“எனக்கு ஊசி மட்டும் இடது கைதான். எழுதுறத பள்ளிக்கூடத்துல அடிச்சே மாத்திட்டாவ. சாப்பிடுறத வீட்டுல மாத்திட்டாவ. ஊசி மட்டும் மாற மாட்டேன்னுட்டு. கல்யாணமான புதுசுல எங்க அத்தைக்கு ஒரு ரவிக்கை தைச்சேன். பீச்சாங்கையால தைச்சத நான் போட மாட்டேன்னு பொட்டியில வச்சவுகதான். அதான் யாரு முன்னாலயும் தைக்க மாட்டேன். நல்ல காரியத்துக்குப் போற விளக்கு... நான் தொட்டிருக்கப்படாதுக்கா.”

பூதக்கண்ணாடியை எடுத்தேன். இத்தனை நாள் அவள் பாதியை மட்டும்தான் சரிபார்த்தேன், என் பாதியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போதுதான் புரிந்தது. என் தையலில் மேல்கால் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் தையலில் எல்லாம் இடப்பக்கம். நான் சொன்னபடி ஒன்றுகூட மாறவில்லை. அத்தனையும் ஒரே பக்கம்... அவள் பக்கம். பருத்தி நூலாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த நூல் தங்கம் மாதிரி. எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அதற்கேற்றபடிதான் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

“பிரிச்சிருதேன்க்கா. எல்லாத்தையும் பிரிச்சிருதேன்.” நான் தடுப்பதற்குள் துணியை இறக்கி மடியில் போட்டு, ஊசி முனையால் ஒரு தையலை நெம்பினாள். நூல் வந்தது. தகடு வரவில்லை. தங்கம் பொடியாக உதிர்ந்து, வெறும் வெள்ளை இழை அவள் விரலில் தொங்கியது.

வேறு நூல் கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு முழம். பிரித்தால் பாதித் துணி மொட்டையாகிவிடும்.

கல்பனா துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “போதும் ஆன்ட்டி. எனக்கு இது இப்படியே இருக்கட்டும்.”

“இப்படியேவா? பாதி இருட்டா இருக்குடி” என்றேன் நான்.

விமலா மாடிக்குப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் அவள் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பளபளப்பை அடக்கும் மங்கல் கண்ணாடி போட்டால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி ஆகிவிடுமல்லவா? எல்லாமே மங்கலாகிவிடும். போகட்டும், விளக்கு முழுசாக இருக்குமே! ஞாயிற்றுக்கிழமை விமலாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு, கரையான்சாவடிக்கு பஸ் ஏறினேன். அங்கே மெயின் ரோட்டில் எனக்குத் தெரிந்த ஃப்ரேம் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஏழுமலை கொஞ்சம் வாயாடி.

“இன்னாம்மா, ரொம்ப நாளா காணோம்! விரலுக்கு இன்னா ஆச்சு?”

“பரங்கிக்காய்.”

“அய்ய, பரங்கிக்காய் கூடவா சண்ட போடுவ?” என்று சிரித்துக்கொண்டே துணியை வாங்கி விரித்தார். “சோக்கா கீதும்மா!”

“சோக்கா இல்லை. நல்லாப் பாருங்க. பாதி மங்கலா இருக்கு. மங்கல் கண்ணாடி வேணும்.”

“இங்க இருட்டா கீது. வெளிச்சத்துல பாக்கறேன் இரு.”

துணியின் இரண்டு மூலைகளையும் பிடித்து மார்புக்கு நேராக விரித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து, வாசலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனார்.

நானும் விமலாவும் வாசலுக்கு வெளியே போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் என் பாதி எரிந்தது. அவர் ஓர் அடி வைத்தார். என் பாதியின் ஓரத்திலிருந்து வெளிச்சம் நகர்ந்தது. ஆமாம், நகர்ந்தது. தண்டுக்கு வந்தது. ஒரு கணம் விளக்கு மொத்தமும் பொன்னாகத் தகதகத்தது. இன்னோர் அடி. வெளிச்சம் விமலாவின் பாதிக்குள் இறங்கியது. அவள் தட்டு, அவள் சுடர், அவள் பக்கத்து அன்னச் சிறகு... எல்லாம் பற்றிக்கொண்டன. இதுவரை அப்படி ஒரு தங்கத்தை அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. காற்றில் சுடர் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் நிமிர்வதைப் போல, விளக்கு ஆடியது.

நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

எங்கள் வாய் பிளந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். துணியை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இன்னாம்மா இது! உள்ள பேட்டரி எதுனா வெச்சிகினு கீறியா?”

பின்பக்கம் திருப்பித் தேடியே பார்த்துவிட்டார் மனிதர்!

“இன்னொரு தடவ நடங்கண்ணே” என்றாள் விமலா. அவர் நடந்தார். “இன்னொரு தடவ.” மறுபடியும் நடந்தார். பிறகு அவளே எழுந்து போய் வாசல் ஓரத்தில் நின்று பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அணையலக்கா. அந்தப் பக்கம் நின்னா அது, இந்தப் பக்கம் நின்னா இது. ஏதோ ஒண்ணு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.”

வீட்டில் நாங்கள் என்ன செய்தோம்? சுவரில் மாட்டினோம். எதிரில் நின்றோம். நின்ற இடத்திலேயே நின்று துக்கம் கொண்டாடினோம். ஒருத்தியாவது இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்திருக்கலாம் அல்லவா? தப்பு என்று முடிவு செய்துவிட்டால் காலுக்குக்கூடச் சோம்பல் வந்துவிடுகிறது.

ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. நான் நடுவில் தொடங்கி விரித்திருந்தால் இரண்டு கைத் தையலும் கலந்து திட்டுத்திட்டாகப் போயிருக்கும். அவள் என்னைப் போல வலது கைக்காரியாக இருந்திருந்தால் இது சுவரில் ஆடாமல் நிற்கும் ஒரு சாதாரண விளக்கு. விரலில் உணர்ச்சி திரும்பிவிட்டதால், இந்த வாரம் ஒரு பழந்துணியில் நானே அந்தப் பக்கச் சாய்வைப் போட்டுப் பார்த்தேன். செய்ய முடியாததல்ல. ஆனால் நாலு தையலுக்கு மேல் கை தன் பழக்கத்துக்கே ஓடிவிடுகிறது. அவள் கைக்கு அதுதான் பழக்கம்.

“மங்கல் கண்ணாடிதான வேணும்னே?” என்று அன்றைக்குக் கடையில் கேட்டார் ஏழுமலை, தெரியாதவர் போல.

“கண்ணாடியே வேண்டாம். வெறும் ஃப்ரேம் போடுங்க.”

“அப்டி வா வழிக்கு. ஆமா, பேரு போடலியா? படம் போடறவங்கோ மூலையில பேரு போடுவாங்கல்ல. சட்டம் அடிச்சிட்டா அப்பால தொட முடியாது, சொல்லிட்டேன்.”

நான் விமலாவைப் பார்த்தேன். ஒரு முழ மிச்ச நூலும் ஊசியும் என் பையில் இருந்தன.

“உன் பேரு போடு.”

“ஐயோ, நானா? விளக்கு உங்களுதுக்கா.”

“முதல் எழுத்து மட்டும் போடு. நூலும் அவ்வளவுதான் இருக்கு.”

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். சாமி படத்துக்குச் சட்டம் போட வந்த ஒரு குடும்பம் வாசலில் காத்திருந்தது. கொஞ்ச நேரம் ஊசியை வலது கையில் பிடித்துக்கொண்டு தயங்கினாள். பிறகு கை மாற்றினாள்.

அவள் தைப்பதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அந்த முரட்டு நூல் அவள் இடது கையில் பிசிறவில்லை, சிக்கவில்லை. தண்ணீருக்குள் மீன் போவது போலத் துணிக்குள் போய் வந்தது. சாமி படத்துக்காரர்கள்கூடக் கிட்டே வந்து நின்று பார்த்தார்கள்.

‘வி’ முடிந்தது. அன்று நெம்பி எடுத்த ஒற்றைத் தையலையும் அதே நூலில் அடைத்துவிட்டாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். சுழியில் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தது. பார்த்தேன்... பார்க்காதவள் போல நானும் தலையாட்டிவிட்டேன்.