உடைந்த கப்பல் பார்க்க உடுத்திய தாவணி

எனக்கு உடுத்திக்கொள்ளத் தெரியும். அழகி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் எந்தத் துணி என் உடம்பில் எப்படி நிற்கும் என்பது பத்து வயதிலேயே பிடிபட்டுவிட்டது. அந்தத் திறமையைச் சோதிக்கத்தான் ஜப்பான்காரன் வந்து சேர்ந்தான். அவன் வந்த மறுவருஷமே, மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டில் இருந்த துணி மொத்தத்தையும் ஒரே கொடியில் காயப்போட்டுவிடலாம் என்றாகிவிட்டது.

கடையில் துணி கிடையாது. ஜன்னல் திரை சட்டையாயிற்று, மாவுச் சாக்கு கால்சட்டையாயிற்று. தோட்டங்களில் ரப்பர்த் தகட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். என்னிடம் இருந்தவை இரண்டு பாவாடை, இரண்டு ரவிக்கை. தாவணி என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய தாவணி இரண்டும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கடைசியில் ஒட்டு மட்டும்தான் மிச்சம்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது போலத்தான். சிப்பாய்கள் தெருவில் வந்தால் அம்மா என் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசி, கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்காரவைப்பாள். அதனால் ஊரில் எல்லோரும் அவசர அவசரமாகப் பெண்களைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இரண்டு இடம் வந்திருந்தது. ஒருவர் செமாபோக்கில் இருந்தார். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள், அப்பாவைவிட நான்கே வயது இளையவர். இன்னொருவர் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணி. கணக்கெழுதும் கிராணி என்பது பேருக்குத்தான்; ரப்பர்ப் பால் வெட்டுவது நின்றுபோய், அவரும் மற்றவர்களோடு சேர்ந்து மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். தகப்பன் இல்லை, அம்மா மட்டும்.

அப்பா தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கும் வேலையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அன்று சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்.

"புக்கிட் ரம்பாய்க்காரங்களுக்குப் புடிச்சிருந்தா சரி. இல்லன்னா செமாபோக்குக்குச் சரின்னு சொல்லிடப் போறேன். இதுக்கு மேல என்னால பயந்துக்கிட்டு இருக்க முடியாது."

நான் அந்த மூன்று பிள்ளைகளில் மூத்தவளைக் கோவிலில் பார்த்திருக்கிறேன். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பெண் பார்ப்பதை வீட்டில் வைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனமில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கக் காப்பி இல்லை, சீனி இல்லை. துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவிலில் பார்க்கலாமென்றால், டவுனுக்குள் பெண்ணை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அது முடியாத காரியம். கடைசியில் அப்பாதான் நடு இடமாகக் கிளேபாங் கடற்கரையைச் சொன்னார். அங்கே தண்ணீர் வற்றும்போது ஒரு பழைய கப்பலின் எலும்புகள் சேற்றில் தெரியும். டச்சுக்காரன் கப்பல் என்பார் அப்பா. போர்த்துக்கீசியன் கப்பல் என்று பக்கத்து வீட்டில் அடித்துச் சொல்வார்கள். சண்டைக்கு முன்னால் நல்ல நாள்களில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அதைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கப்பல் பார்க்கப் போன இரண்டு குடும்பம் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டது என்றால், கூடாமல் போனாலும் பெண்ணுக்குப் பேர் கெடாது.

இடம் கிடைத்தது. உடுத்தத் துணிதான் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா மலாக்காச் செட்டிக் குடும்பம். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். துணி விஷயத்தில் எனக்குக் குரு தேவையில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலும், அவளுடைய கெபாயாச் சட்டையைக் கண்டால் என் கண் அங்கேயே நின்றுவிடும். விஷயம் கேட்டதும் அவள் பெட்டியைத் திறந்து, பழுப்புப் பூப்போட்ட பாத்தேக் சாரோங் ஒன்றையும், வலை போல் மெல்லிய வெள்ளைக் கெபாயா ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். சாரோங்கை வெட்டக் கூடாது, மடித்து நாடா கோத்துப் பாவாடையாக்கிக்கொள்ளலாம். கெபாயா ரவிக்கைக்கு. அதன் கழுத்துத் திறப்பைத் தைத்து மூடப்போன அம்மாவின் கையை அவள் தட்டிவிட்டாள்.

"பானாஸ்!" என்று தன் கழுத்தை விசிறிக் காட்டினாள். கடற்கரை வெயிலில் உடம்பு மூச்சு விட வேண்டாமா என்பது அவள் கட்சி. எங்களுக்கு வெயில் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்க அதுதான். என்றாலும் வெயிலுக்கு உடுத்துவது ஒரு கலை என்பதை அன்றைக்குத்தான் அவளிடம் ஒத்துக்கொண்டேன்.

தாவணிக்கு அப்பாவின் வேட்டி. இருந்தவற்றில் கிழியாதது அது ஒன்றுதான். நல்ல காரியத்துக்குப் போகிறவள் வெள்ளையில் போகக் கூடாது என்று அம்மா கொல்லையில் மஞ்சள் கிழங்கு பிடுங்கி இடித்துக் கொதிக்கவைத்து, வேட்டியை அதில் முக்கி எடுத்தாள். காய்ந்ததும் பூவரசம்பூ நிறம். கட்டிப் பார்த்தபோது, பஞ்ச காலத்தில் இப்படி ஒருத்தியா என்று எனக்கே தோன்றியது. வேட்டி என்று மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா பத்து முறை சொன்னாள். உள்ள ஒரு நல்ல வேட்டியையும் முக்கிவிட்டோம் என்று தெரிந்தால், கையில் ஒன்றுமில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களாம்.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். நல்ல உடையெல்லாம் மூட்டையில். என் மேல் அப்பாவின் கிழிந்த சட்டை, முகத்தில் கரி. தெங்கேரா சாலையில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டுப் போனோம். கடற்கரையில் அப்பாவுக்குத் தெரிந்த மலாய் மீனவர் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவி உடுத்திக்கொண்டேன்.

அவர்கள் முன்பே வந்திருந்தார்கள். கிராணியின் அம்மா பாயில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மகன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்த வெயிலில், சேற்றுக்கடல் ஓரத்தில், கறுப்புக் கோட்டு! கழுத்துவரை பொத்தான். வியர்வை காதோரம் ஓடியது. உடுத்தத் தெரியாத ஆள் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

தண்ணீர் வற்றியிருந்தது. பெரியவர்கள் பேச்சைத் தொடங்கட்டும் என்று நாங்கள் இருவரும் அவர்கள் கண்ணெதிரிலேயே கப்பல் வரைக்கும் நடந்துபோய் வந்தோம். தின்று போட்ட மீன் முள் மாதிரி கறுப்புக் கட்டைகள் வரிசையாக நின்றன. குழிகளில் முழங்கால் தண்ணீர். தாவணி பின்பக்கம் நனைந்துவிட்டது.

"இதுல முழுக்கத் துணி மூட்டைதான் வந்துச்சாம்," என்றார் அவர். "நம்ம ஊர்ப் பக்கத்துத் துணியாம்."

"எல்லாத்தையும் மீனுக்குக் கட்டி விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோட்டை மன்னித்துவிட்டேன். செமாபோக்கை நினைத்துப் பார்த்தேன். இந்த இடம் எனக்கு வேண்டும் என்று அப்போதுதான், கப்பலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தெளிவாகத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் அந்த அம்மா, "நீ அந்தப் படகு மேல உக்காரும்மா," என்றார். மீனவரின் படகு கவிழ்த்துப் போட்டிருந்தது. அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. உப்புப் பூத்திருக்கிறது என்று நினைத்தேன். நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சமைப்பாய், எதுவரை படித்தாய் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பிடித்திருந்தால் என் அம்மாவுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுப்பார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா," என்றார்.

எழுந்து திரும்பினேன். அம்மா "ஐயோ" என்றாள்.

மஞ்சள் தாவணியின் பின்புறம், உட்கார்ந்த இடமெல்லாம், ரத்தச் சிவப்பு.

அந்த அம்மாவின் முகம் மூடிக்கொண்டது. "வீட்டுக்குத் தூரமான பொண்ணையா நல்ல காரியத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். வெற்றிலைப் பெட்டியின் மூடியையும் சாத்திவிட்டார். அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் மகன் கோட்டைக் கழற்றினார்.

"டேய், கோட்டக் கழட்டாத!" என்று அவர் அம்மா அலறியது எனக்குப் புரியவில்லை. அவர் கேட்கவுமில்லை. கோட்டை என்னிடம் நீட்டி, "இந்தாங்க, சுத்திக்கிங்க," என்றார். நான் சங்கடப்படாமல் இருக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய சட்டைக்கு முதுகு இல்லை. முன்பக்கம் இருந்தது, கழுத்துப்பட்டி இருந்தது, இரண்டு பக்கமும் நாடா வைத்து முதுகில் முடிச்சுப் போட்டிருந்தது. நடுவில் வெறும் முதுகு, வியர்த்து, மரவள்ளிக் காட்டு வெயிலில் கறுத்துப்போயிருந்தது. அவர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்ததும் என் வெட்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது, ஜப்பான்காரன் மேலா, கப்பலோடு மூழ்கிய துணி மேலா, தெரியாது. கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன். ஈரமாக இருந்த முந்தானை நுனியில் ஒரு விரல் சுண்ணாம்பை இழுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சிவப்பாயிற்று.

"ஆரத்தித் தண்ணி கரைக்கிறவங்கதானே நீங்க, பெரியம்மா? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்ன ஆகும்? படகுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்காங்க, நீங்கதான் உக்காரச் சொன்னீங்க. இது தாவணி இல்ல. அப்பாவோட வேட்டி. மஞ்சள்ல முக்குனது. வீட்ல வேற துணி கெடையாது."

அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அந்த அம்மா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தார். மகன் பின்னால் போனார். வெற்று முதுகு நெடுந்தூரம் தெரிந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கு வெற்றிலை கிடைக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோதுதான், சுண்ணாம்பு டப்பா இன்னும் என் கையிலேயே இருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த எட்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. என் வாய் நீளத்தால் ஒரு குடும்பமே தலைகுனிந்தது என்று அம்மா சட்டிபானைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தாவணியைப் புளித்தண்ணீரில் அலசினாள். சிவப்பு இறங்கி மஞ்சள் திரும்பிவிட்டது. என் விஷயத்தில் அப்படி எதுவும் திரும்பும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. படுத்தால் செமாபோக்குப் பெண் என் தோளுக்குச் சமமாக வந்து நின்றாள். அழுதேன் என்பதை ஒளிப்பானேன்?

ஒன்பதாம் நாள் அப்பா கோட்டையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்கு நடந்தார். அடுத்தவர் பொருள் வீட்டில் இருக்கக் கூடாது, கொடுத்துவிட்டு அப்படியே செமாபோக்குக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். பை இன்னும் கனமாகவே இருந்தது.

"டப்பாவ வாங்கிக்கிட்டாங்க," என்றார்.

"கோட்டு?" என்றாள் அம்மா.

அப்பா பையிலிருந்து கோட்டை எடுத்துப் பாயில் வைத்தார். அதன் மேல் ஒரு கட்டு வெற்றிலையை வைத்தார்.

"அன்னிக்குப் புள்ளையோட முதுகு தெரிஞ்ச வெக்கத்துலதான் எழுந்து போயிட்டாங்களாம். கோட்டு இங்கயே இருக்கட்டுமாம். பொண்ணோட சேர்ந்து வரட்டும்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

அம்மா வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. உள்ளே போய் மஞ்சள் தாவணியை எடுத்து விரித்து, கத்திரிக்கோலைத் தேடினேன். வேட்டியை வெட்டாதே என்று அம்மா கத்தினாள். நடுவில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, அவருடைய சட்டைக்கு முதுகு தைக்க உட்கார்ந்தேன். அளவு எங்கே என்று கேட்டாள் அம்மா. அளவு எதற்கு? அந்த முதுகைத்தான் நான் நன்றாகப் பார்த்திருந்தேனே.