திருநீறு போட்டு மினுக்கின காசு

என்ர மனுசன் ஊரில சரித்திர வாத்தியார். தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில, நாங்கள் லண்டனில டூட்டிங்குக்கு வந்து ஆறு வருசம், அவருக்குப் பெற்றோல் ஷெட்டில ஷிப்ட். எந்தப் பம்ப், எவ்வளவு எண்டதைத் தவிர அவரிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை. அப்பிடியிருக்க, அவர் மாசாமாசம் போய் மூலையில இருந்திட்டு வாற நாணயச் சங்கத்தில, வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்து நிமிசம் பேசச் சொல்லிக் கேட்டவை. அந்தச் சேதி வந்த அண்டைக்கு மனுசன் ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பேச்சு முழுக்க அவரிட்ட இருந்த ஒரேயொரு பழைய வெள்ளிக்காசைப் பற்றி. எழுநூறு வருசத்துக்கு முந்தி, மெசின் இல்லாத காலத்தில, சுத்தியலால அடிச்சுச் செய்ததாம். நகம் மாதிரி மெல்லிசு, வட்டமும் சரியில்லை. ஒரு பக்கம் சுருள் முடியோட ராசா, மற்றப் பக்கம் நீட்டுச் சிலுவை. அதைப் பார்க்கிற பார்வையில பாதி என்னைப் பார்த்திருந்தாலும் நான் சந்தோசப்பட்டிருப்பன்.

வெள்ளி காலமை வழக்கம்போல சாமித்தட்டில இருந்த விளக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் எடுத்து மினுக்கினன். வெள்ளிச் சாமானுக்கு எங்கட வீட்டில திருநீறுதான். மேசையில அந்தக் காசு கரிச்சட்டி போலக் கறுத்துக் கிடந்தது. இவ்வளவு ஆக்களுக்கு முன்னால இதையோ கொண்டு போறது? நாலு பேர் என்ன நினைப்பினம்? நல்லாப் போட்டுத் தேய்ச்சன். பளிச்செண்டு வந்தது. எனக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு.

அவர் வேலையால வந்து பார்த்தார். கதிரையில இருந்து காசை வெளிச்சத்தில பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் சொன்னார், பழங்காசில அந்தக் கறுப்புத்தான் வயசுக்குச் சாட்சி, அதைத் தேய்க்கவே கூடாது எண்டு. ராசாவின்ர சுருள் முடியிலயும் பாதியைக் காணேல்லை.

"நான் இனிப் போகேல்லை" எண்டார்.

"ஏசுங்கோவன்" எண்டன். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஏசேல்லை. அழுகை வந்திட்டுது, வந்த அழுகையோட கத்தியும் போட்டன். "ஆறு வருசத்துக்குப் பிறகு உங்களைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கினம். என்ர பிழைக்கு நீங்கள் ஏன் வீட்டில இருக்கிறியள்? போய், என்ர மனுசி செய்த வேலையெண்டே சொல்லுங்கோ." கோட்டை எடுத்துக் கையில குடுத்தன்.

போனார். அவர் வருமட்டும் நான் ஒரு வாய் சாப்பிடேல்லை.

சிரிச்ச முகத்தோட வந்தார். நான் சொன்னதை அப்பிடியே சொன்னவராம். திருநீறு எண்டால் என்ன, வெள்ளிக்கிழமையில ஏன் விளக்கு மினுக்கிறது எண்டு கேள்விக்கு மேல கேள்வியாம். பத்து நிமிசப் பேச்சு முக்கால் மணித்தியாலம் போச்சுதாம். ஒரு கிழவர் இரக்கப்பட்டு, தன்னட்ட இருந்த நல்ல காசொண்டை இதுக்கு மாத்தித் தாறன் எண்டிருக்கிறார். இவர் மாட்டன் எண்டிட்டார். எனக்கு விசர்க்கோபம் வந்தது. நல்லதை வேண்டாமெண்டு ஆரும் சொல்லுவினமோ?

காசு சேர்க்கிற ஆக்கள் ஒவ்வொரு காசோடயும் ஒரு சின்ன அட்டை வைக்கிறவை. எந்த ராசா, எந்த ஊரில செய்தது, ஆரின்ர கையில இருந்தது எண்டு அதில எழுதியிருக்கும். அடுத்த நாள் தூசி தட்டேக்க எங்கட காசின்ர அட்டை கண்ணில பட்டது. ராசாவின்ர பேருக்குக் கீழ, அவரின்ர வாத்தியார் எழுத்தில, புது மையால இப்பிடி இருந்தது:

"அடிச்சது லண்டனில. மினுக்கினது டூட்டிங்கில, என்ர மனுசி."