கமாண்டரிடம் சுருட்டுக் கேட்ட முனியாண்டி

ஈப்போவில் குனோங் ராபாட் கிளினிக்கில் சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, நம்பர் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்தால் ஓர் ஆயுளுக்குத் தேவையான காணொளிகளைப் பார்த்து முடித்துவிடலாம். சேகர் ஏதோ அனுப்பியிருந்தான். அவன் அனுப்புவது பெரும்பாலும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், இல்லாவிட்டால் எந்தக் கீரை எந்த வியாதிக்கு என்ற விவரம். அலட்சியமாகத்தான் தொட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்ததால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

கடல். ஒரு பழைய இரும்புப் படகுத்துறை. மஞ்சள் தொப்பி போட்டவர்கள் அதை கேஸ் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். சரி, எங்கேயோ ஏதோ இடிக்கிறார்கள் என்று கட்டை விரலால் தள்ளப் போனவன், வெட்டுப்படும் தூணைப் பார்த்து நிறுத்தினேன். தூணின் இடுப்பில் ஒரு வெல்டிங் ஒட்டு, பூரான் ஊர்ந்து போன மாதிரி கோணல்மாணலாக ஓடியது. ஆலாமாக்! அது என் கை வேலை. அவ்வளவு கேவலமாக வெல்டிங் வைக்கக்கூடிய ஆள் அந்தப் பசிபிக் கடல் முழுக்கத் தேடினாலும் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அதற்குள் என் நம்பர் வந்துவிட்டது. பாதியில் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன். ஆனால் டாக்டரம்மா சோற்றைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மூக்கில் வந்தது இரும்பில் பெயிண்ட் கருகும் வாசனைதான்.

மானூஸ் என்று ஒரு தீவு. பாப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்தது. அதன் ஓரத்தில் லோம்ப்ரம் என்கிற இடத்தில் ஒரு கடற்படைத் தளம். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் ரப்பரைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் தள்ளிவிட்டு வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். இளவட்டங்கள் எல்லோரும் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். நான் லகாட்டில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது பெரிய வார்த்தை, அந்தப் பூரானை நினைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அந்தத் தீவில் படகுத்துறையைப் பழுதுபார்க்கும் வேலையை எடுத்திருந்தார். ஆள் வேண்டும் என்றார். நான், சேகர், இன்னும் சில தோட்டத்துப் பையன்கள், எங்களுக்குத் தலைவராக மணியம் அண்ணன், எல்லோரும் கிளம்பிவிட்டோம்.

மணியம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மனுஷர் சிரிக்கவே மாட்டார். குடி கிடையாது. சிகரெட் கிடையாது, யாராவது பற்றவைத்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இடம் மாறி நிற்பார். தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் உறுமி அடிப்பவர் அவர்தான். சாமி வந்து ஆடுகிறவர்களுக்கு விபூதி போட்டு, தண்ணீர் தெளித்து, மலையேற்றி அனுப்புகிறவரும் அவர்தான். அவர் மேல் ஒரு நாளும் சாமி வந்ததில்லை. சாமிக்கே பயம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

தளத்தில் எங்கள் முதல் வேலை சுரண்டுவது. துறைத் தூண்களில் பெயிண்டைச் சுரண்டினால் அந்த இடத்தின் சரித்திரம் முழுக்க உதிர்ந்து விழும். மேலே ஒரு சாம்பல் நிறம்: சுதந்திரம் வாங்கியபின் அந்த நாட்டுக் கடற்படை அடித்தது. அதற்கடியில் வேறொரு சாம்பல்: அவர்களுக்கு முன்பு இருந்த ஆஸ்திரேலியர்கள் அடித்தது. அதற்கும் கீழே பச்சை. அது போர்க்காலத்தில் தளத்தைக் கட்டிய அமெரிக்கர்களுடையது. அவர்களுக்கு முன்னால் தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரர்கள் பெயிண்ட் எதுவும் விட்டுப்போகவில்லை.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் பீட்டர். மானூஸ் மண்ணிலேயே பிறந்த தலைமை மாலுமி. வெற்றிலைப் பாக்கில் வாய் எப்போதும் சிவந்திருக்கும். எங்களைக் கண்டதும் 'வான்டோக்' என்று கட்டிப்பிடிப்பார். ஒரே பேச்சுப் பேசுகிற சொந்தக்காரன் என்று அர்த்தமாம். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர் பேச்சு தெரியாது, ஆனாலும் வான்டோக். அமெரிக்கர்கள் இங்கே ஒரு நகரத்தையே கட்டினார்கள், போர் முடிந்ததும் லாரி முதற்கொண்டு கடலில் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று அவருடைய அப்பா சொல்வாராம். எங்களுக்கு நம்பவே முடியவில்லை. எங்கள் தோட்டத்துத் தொரை போகும்போது வராந்தாவில் கிடந்த நாற்காலியைக்கூட விட்டுவைக்கவில்லை.

காலையில் கடற்படைக்காரர்கள் கொடியேற்ற வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எங்களுக்குத் தோட்டத்துப் பெரட்டு, அதாவது விடியலில் வேலையாட்களை நிற்கவைத்துக் கணக்கெடுக்கும் வரிசை, ஞாபகம் வரும். ஆனால் பெரட்டில் பேர் கூப்பிடும்போது யாரும் அவ்வளவு வெள்ளையாகச் சட்டை போட்டிருந்ததில்லை. நான் எங்கேயோ போகிறேன். சேகர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் அலுவலகத்தில் அவனுக்கு போன் வந்தது. தங்கைக்குக் கல்யாணம் முடிவாகி நாள் வைத்துவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு, இவன் ஒரே அண்ணன். மணவறையில் தங்கையின் கையில் பொரி அள்ளிப் போட வேண்டியவன் இவன்தான். அந்தப் பெண் போனிலேயே சொல்லிவிட்டாளாம்: "நீ வராட்டி நான் மணவறையில உக்கார மாட்டேண்ணே. சும்மா சொல்லல."

சேகர் மூட்டையைக் கட்டிவிட்டான். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. விமானம் இறங்கவில்லை. இறங்கினாலும் அவனுக்கு முன்னால் காத்திருந்தவர்கள் அத்தனை பேர். மிச்சமிருந்த ஒரே வழி, தளத்தின் ரோந்துக் கப்பல். தளத்தில் வருஷா வருஷம் நடக்கும் கொடிநாள் முடிந்த மறுநாள் அது பெருநிலத்திலுள்ள லே துறைமுகத்துக்குப் போகிறது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் விமானம் மாறி மாறி எப்படியும் ஈப்போவுக்கு வந்துவிடலாம். அவன் தளத்தின் கமாண்டரிடம் போய்க் கெஞ்சினான். அவர் நல்ல மனிதர்தான். ஆனால், "இது கடற்படைக் கப்பல் தம்பி, பஸ் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். சேகர் துறையில் வந்து உட்கார்ந்தான். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பீட்டர்தான் வழி சொன்னார். கொடிநாளன்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து பேரிகை அடித்து ஆடுவார்கள். எந்தக் கூட்டத்துக்கு அதிகம் கூச்சல் எழுகிறதோ அவர்கள் கமாண்டரிடம் ஏதாவது ஒன்று கேட்கலாம், அவர் கொடுத்தாக வேண்டும். அரிசி கேட்பார்கள், தகரம் கேட்பார்கள், பந்து கேட்பார்கள். கப்பலை மட்டும் கேட்காதீர்கள் என்று கமாண்டர் வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பாராம்.

மணியம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப கேக்குற எடத்துல கேப்போம். போயி தோம்பத் தூக்கிட்டு வாங்கடா."

தோம்பு என்றால் அமெரிக்கர்கள் விட்டுப்போன எண்ணெய்ப் பீப்பாய்தான். மழைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்டுக் கட்டையால் அடித்தால் காது கிழியும். உறுமிக்குத்தான் திண்டாடினோம். கப்பல் சமையல்காரரிடம் உடும்புத் தோல் கட்டிய சின்ன மத்தளம் ஒன்று இருந்தது. மணியம் அண்ணன் தோலில் எண்ணெய் தடவி, ஒரு வளைந்த குச்சியால் தேய்த்துப் பார்த்தார். முதலில் பூனை மாதிரி கத்தியது. இரண்டு நாள் கழித்து உறுமியது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கல்யாண அடி மட்டும் அடிங்கடா," என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சாமி அடி வேணாம். இங்க யாருக்காச்சும் வந்துச்சின்னா மலையேத்த எலுமிச்சங்கா கூட இல்ல."

கொடிநாள் வந்தது. மழை விட்டு நல்ல வெயில். மைதானம் நிறைய ஜனம். கமாண்டர் வெள்ளைச் சீருடையில் தொப்பியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். பீட்டரின் ஊர்க்காரர்கள் முதலில் இறங்கினார்கள். முழு மரத்தைக் குடைந்து செய்த பேரிகைகள், ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தன. அவர்கள் அடிக்க ஆரம்பித்ததும் என் பல் ஆடியது. பொய் சொல்லவில்லை, பல் ஆடியது. அப்படி ஒரு வேகம், அப்படி ஓர் ஒற்றுமை.

அதற்குப் பிறகு நாங்கள். கல்யாண அடியை எடுத்தோம். திறந்த வெளியில் அது சட்டி பானை உருண்ட மாதிரி கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ ஒருவன் எங்களை மாதிரியே ஆடிக் காட்டினான். நான் திரும்பிச் சேகரைப் பார்த்தேன். அவன் தோம்பை அடிக்கிறான், கண் மட்டும் துறையில் நின்ற கப்பலில் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, கை தானாக மாறிவிட்டது. எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே அடி முனியாண்டி கோயில் அடிதான். அதைப் போட்டேன். பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் பிறந்த கை, வேறு எங்கே போகும்?

அடி ஏற ஏற உறுமிச் சத்தம் பட்டென்று நின்றது. பார்த்தால் மணியம் அண்ணனின் கண் மேலே சொருகியிருக்கிறது. மத்தளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு துள்ளு துள்ளினார். "டேய்ய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பேரிகைக்காரர்களே இரண்டடி பின்னால் போனார்கள். செத்தோம் என்று நினைத்தேன். மலையேற்றுகிற ஆள் மேலேயே சாமி வந்துவிட்டால் யார் மலையேற்றுவது?

அண்ணன் நேராகக் கமாண்டர் முன்னால் போய்க் காலை அகட்டி நின்றார். "சுருட்டு எங்கடா?"

கமாண்டர் என்னைப் பார்த்தார். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர் எங்கள் சாமி, சுருட்டுக் கேட்கிறார். பீட்டர் புகையிலையைப் பழைய செய்தித்தாளில் சுருட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். சிகரெட் வாசனைக்கே இடம் மாறி நிற்கிற மனிதர், ஒரே இழுப்பில் பாதியைச் சாம்பலாக்கினார்.

பிறகு விரலைச் சேகர் பக்கம் நீட்டினார். "இவன் எம் புள்ள. தங்கச்சி கல்யாணத்துக்குப் போவணும். ஒங் கப்பல்ல ஏத்துறியா இல்லியா? சொல்லு!"

அதையும் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கமாண்டர் மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவரும் தீவில் பிறந்த மனிதர்தான். ஓர் ஆள் மேல் இறங்கிப் பேசுகிறவர்களிடம் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சபையைப் பார்த்துச் சொன்னார்: "கப்பலைக் கேட்காதே என்றேன். இவர் கப்பலைக் கேட்கவில்லை. ஒரு பாய் விரிக்க இடம் கேட்கிறார். கொடுத்தேன்."

எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! அமெரிக்கர்கள் கடலில் தள்ளிய லாரியெல்லாம் மிதந்து வந்திருக்கும். எங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் தோம்பைச் சுற்றிக் குதித்தார்கள். சாமி கப்பல் பக்கம் ஒரு புகையை ஊதி, "போ, கடலு சும்மா இருக்கும்" என்றது. சேகரின் பையிலிருந்த விபூதியை எடுத்து அண்ணன் நெற்றியில் பூசினோம். பீட்டர் இளநீரை வெட்டி அவர் தலையில் ஊற்றினார். அண்ணன் கண்ணைத் திறந்து வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "யாருடா சுருட்டு புடிச்சது? வாயெல்லாம் நாறுது!"

கடல் சும்மாதான் இருந்தது. கல்யாணத்தன்று காலையில் சேகர் கோப்பெங் மண்டபத்துக்குள் ஓடிவந்தானாம். பையை எங்கோ தொலைத்துவிட்டு, கப்பலில் யாரோ கொடுத்த கடற்படைச் சட்டையோடு நின்றானாம். கல்யாணப் போட்டோவில் பாருங்கள், பெண் பட்டுச் சேலையில் அழுதுகொண்டே சிரிக்கிறாள், பக்கத்தில் பாப்புவா நியூகினிக் கடற்படை பொரி போடுகிறது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் ஐயா. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ நடந்திருக்கிறது, அந்த மாதிரி ஒரு ஜெயிப்பு வரவில்லை.

வேலை முடிந்து நாங்களும் ஊர் திரும்பினோம். ரொம்ப நாள் கழித்துச் சேகர் அண்ணனிடம் கேட்டான்: "உண்மைய சொல்லுங்கண்ணே, அன்னிக்கு வந்தது சாமிதானா?" அவர் சிரிக்காமல் சொன்னார்: "நான் சுருட்டு புடிப்பனாடா?" அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது அண்ணன் இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். முனியாண்டி கோயிலை ரோட்டோரம் நகர்த்தினார்கள், பிறகு அதுவும் இல்லாமல் போனது. நான் அன்றைக்கு அடித்த அடியைக் கடைசியாக எங்கே கேட்டேன் என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை. பீட்டர் இருக்கிறாரோ என்னவோ. என் பூரானும் போய்விட்டது, மூன்று பெயிண்டோடு சேர்த்து.

வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா குறைக்கச் சொன்ன சோற்றைத் தின்றுவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து அந்தக் காணொளியை மறுபடி போட்டேன். துறையை வெட்டி முடித்தபின் படம் மாறியது. தளத்தின் மைதானம், வெயில், ஜனம். பேரிகைகள் அதிர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் சில இளம் மாலுமிகள் எண்ணெய்த் தோம்புகளைக் கவிழ்த்து வைத்து அடிக்கிறார்கள். அந்த அடியைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் முனியாண்டி அடி! ஒரு தட்டுக் குறையாமல், எங்கள் தோட்டத்து அடி!

ஒரு பையன் கூட்டத்திலிருந்து துள்ளிக் குதித்து வந்தான். வாயில் செய்தித்தாள் சுருட்டு புகைகிறது. காலை அகட்டி நின்று, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைக் காட்டினான், அப்புறம் புதுத் துறையில் நின்ற கப்பலைக் காட்டினான். அவனுக்கு எங்களைத் தெரியாது. அண்ணன் பெயரும் தெரியாது. ஆனால் விரலை அப்படியே அண்ணன் மாதிரி நீட்டுகிறான்.

அவன் எதிரில் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருந்த புதுக் கமாண்டர் எழுந்து, தொப்பியைக் கழற்றினார்.