பூட்டு சாரின் பத்தாவது இலக்கம்

அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் பாதுகாப்பு அமைச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டிய மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது, பேனாதான். எல்லையில் எத்தனை பேர் நிற்க வேண்டும், பக்கத்து நாட்டுக்காரன் முறைத்தால் நாம் எந்த வார்த்தையில் முறைக்க வேண்டும் என்றெல்லாம் கொள்கைக் குறிப்பு எழுதுகிற வேலை. ஒருமுறை அமைச்சரின் அறிக்கையில் 'எச்சரிக்கிறோம்' என்பதை அடித்துவிட்டு 'கவலைப்படுகிறோம்' என்று திருத்தினார். அந்த வாரம் மூளவிருந்த சண்டை மூளவில்லை. அதை யாரிடமாவது சொல்லிப் பீற்றிக்கொண்டாரா? மூச்!

வீட்டிலும் அதே கதைதான். "இன்னிக்கு ஆபீஸ்ல என்னங்க?" என்று மனைவி கேட்டால், "உனக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்ல" என்பார். கோபம் இல்லை, வெறும் பழக்கம். பள்ளிக்கூடத்தில் மகளிடம் அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார்கள். "அதெல்லாம் கேக்கக் கூடாதாம்" என்றதாம், பாவம், அந்தக் குழந்தை.

இரண்டு பழக்கங்கள் அவர் ரத்தத்தில் ஊறியிருந்தன. போனில் தான் யாரென்று சொல்ல மாட்டார். எதிராளி சொன்ன பிறகுதான் வாய் திறப்பார். எந்தக் காகிதத்தையும் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்ட கையோடு இயந்திரத்தில் போட்டுப் பொடியாக அரைத்துவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போலப் போனை வாசலிலிருந்த மரப்பெட்டியில் போட்டுவிட்டுக் கூட்ட அறைக்குள் போனார். வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் மகளிடமிருந்து பதினான்கு அழைப்புகள். மனைவிக்கு நெஞ்சுவலி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அப்படி என்னப்பா மீட்டிங்?" என்று மகள் கேட்டாள்.

"அத சொல்லக் கூடாதும்மா."

அடுத்த மாதமே அவள் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போனாள், நம்பரையும் மாற்றினாள். அவளுடைய சிநேகிதியிடம் புது நம்பரைக் கேட்டதற்கு வந்த பதில்: "அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லன்னு சொல்லச் சொன்னா, அங்கிள்." அவர் சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், வேறென்ன.

பிறகு ஓய்வு. மூன்று அறை வீடு, ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர். சில நாள் பால்காரரிடம் பேசியதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். தனிமையென்றால் அப்படி ஒரு தனிமை. ஓய்வு பெற்ற கையோடு தனக்குத்தானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டார்: ஆபீஸில் கடைசியாக வந்திறங்கிய அதே ரகக் காகிதம் அரைக்கும் இயந்திரம். கரண்ட் பில்லைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

போன வியாழக்கிழமை காலை மகளிடமிருந்து கடிதம் வந்தது. நாலே வரி. "இப்படியே இருக்க வேணாம்னு தோணுது. புது நம்பர் கீழ இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். நானா கூப்பிட மாட்டேன்." படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதான் தன் வேலையைச் செய்தது. கடிதமும் உறையும் இயந்திரத்துக்குள் போய்விட்டன.

போனை எடுத்தார். ஒன்பது இலக்கம் மளமளவென்று வந்தது. பத்தாவது? அடக் கடவுளே! முப்பத்து நாலு வருஷம் கைவிடாத ஞாபகம் ஒற்றை இலக்கத்தில் காலை வாரிவிட்டது. கூடையைத் தரையில் கவிழ்த்து மண்டியிட்டு உட்கார்ந்தார். எறும்புதான் பொறுக்க முடியும், அவ்வளவு பொடி. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனும் ஒட்டிப் படிக்க முடியாதபடி வெட்ட வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்கு அளவு குறித்துக் கொடுத்தவரே இவர்தான். சொந்தச் செலவில் சூனியம்!

சரி, மிஞ்சிப்போனால் பத்துத் தடவைதானே என்று பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்.

"யாருங்க?"

"நீங்க யாரு?"

"போன் பண்ணது நீங்க, கேள்வி வேறயா? வைய்யா!"

ஒன்று, இரண்டு, மூன்றிலும் இதே வசவு. ஒரு பெண்மணி போலீஸுக்குச் சொல்வதாக மிரட்டினாள். நாலைப் போட்டார். "ஹலோ" என்ற குரல் கேட்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளேதான்.

"யாரு? சொல்லுங்க, இல்லேன்னா வெச்சிடுவேன்."

நாக்கு நுனிவரை வந்த 'நீங்க யாரு?' என்ற கேள்வியை விழுங்கினார்.

"அப்பா பேசறேன்மா."

"தெரியும். போன் பண்ணிட்டுப் பேசாம மூச்சு மட்டும் விடறவர் நீங்க ஒருத்தர்தானே. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

பிறகு அவள் அந்தப் பழைய கேள்விக்கே வந்தாள். "அன்னிக்கு என்னப்பா மீட்டிங்? நாட்டுக்கு ஏதோ பெரிய ஆபத்து, அதான் அப்பாவால வர முடியலன்னு சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், அவள் நம்பிவிடுவாள். அவர் முழங்காலைச் சுற்றிச் சிதறிக் கிடந்த பொடியைப் பார்த்தார்.

"இல்லம்மா. காகிதம் அரைக்கற மெஷின் வாங்கற மீட்டிங். எவ்வளவு பொடியா வெட்டணும்னு ரெண்டு மணி நேரம் பேசிட்டிருந்தோம்."

அவர் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"வெச்சிட்டியாம்மா?"

"இல்லப்பா. இருக்கேன்" என்றாள் அவள், அழுதுகொண்டே.