மகளின் விருப்ப வரிசை

என் மகளின் உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபோது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மூன்று பாடங்களுக்கும் நேரே எழுத்துகள் இருந்தன. அவை நல்ல எழுத்துகள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவற்றுக்குக் கீழே தசமம் போட்ட ஓர் இலக்கம் இருந்தது. அதற்குப் பெயர் இசட் புள்ளியாம், அதுதான் முக்கியமாம். நான் எட்டாம் வகுப்போடு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன். புள்ளி என்றால் நூற்றுக்கு இத்தனை என்று மட்டுமே அறிந்தவன்.

"இது நூத்துக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. பரீட்சை எழுதின எல்லாரையும் வச்சுப் பாத்து, நாம எங்க நிக்கிறோம்னு சொல்றது."

"சரி, எங்க நிக்கிறோம்?"

"கரையில," என்றாள்.

அவள் சொன்ன கரை எது என்பது பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பின்பக்கங்களில் சென்ற வருடத்து வெட்டுப்புள்ளிகள் கட்டம் கட்டமாக இருந்தன. இடது ஓரத்தில் மாவட்டங்கள், மேலே பாடநெறிகள். ஒவ்வொரு பாடநெறிக்கும் எந்த மாவட்டத்துப் பிள்ளை ஆகக் குறைந்தது எவ்வளவு எடுத்து உள்ளே போனது என்று அதில் இருக்கும். எழுத்து எறும்பு அளவு. பதுளை வரிசையை விட்டு விரல் நழுவி, நான் இரண்டு தடவை மொனராகலைக்குப் போய்விட்டேன். பிறகு அவள் கோடு போடும் அடிமட்டத்தை வாங்கிப் பதுளைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். விவசாயத்துக்கு அவளுடைய புள்ளி தாராளமாகப் போதும். உயிரியல் விஞ்ஞானத்துக்கும் போதும். மருத்துவத்துக்கு எட்டாது. கால்நடை மருத்துவத்துக்கு நேரே இருந்த இலக்கம் அவளுடையதைவிட ஒரு மயிரிழை கூட. இரண்டாவது தசமம்வரை ஒன்றுபோல வந்து, மூன்றாவதில் எங்களை விட்டுப் போய்விட்டது.

அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது எங்கள் பசு கன்று போட முடியாமல் கிடந்தது. அப்புத்தளையிலிருந்து அரசாங்கத்து மிருக வைத்தியர் அம்மா ஒருவர் வந்து, முழங்கைக்கு மேலே சட்டையை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். அவர் சிங்களத்தில் சொன்னதை எல்லாம் எனக்குத் தமிழில் சொன்னவள் இவள்தான். கன்று தப்பியது. அன்று முழுக்க அவள் வேறு எதையும் பேசவில்லை. அதன் பிறகுதான் விஞ்ஞானம் படிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பதுளையில் தங்கிப் படித்தாள்.

"போன வருசத்துப் புள்ளிதானேப்பா இது," என்றாள். "இந்த வருசம் ஏறவும் செய்யலாம், எறங்கவும் செய்யலாம்."

நியாயம்தான். ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விண்ணப்பத்தில் பாடநெறிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் எழுத வேண்டும். அதில் எதை முதலில் எழுதுவது என்பதுதான் எங்கள் வீட்டில் ஒரு கிழமை முழுக்கப் பேச்சு.

எங்கள் தோட்டத்தில் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை முழுக் கூரையையும் மாற்றித் தரும்படி ஆபீசில் எழுதிக் கொடுத்தார். தோட்டத்தை நடத்தும் துரை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டி ஒரு பைலுக்குள் வைத்தார். அந்த மழைக்கும் அவர் வீட்டில் சட்டி பானைதான் ஏந்தியது. நான் என் கூரைக்கு இரண்டு தகரம் மட்டும் கேட்டேன். அடுத்த கிழமையே வந்தது. பெரிதாகக் கேட்டால் கேட்டவன்மேல் ஒரு கோபம் வந்துவிடும், பிறகு சின்னதும் கிடைக்காது. லீவு கேட்டாலும் அப்படித்தான். இரண்டு நாள் வேண்டுமென்றால் ஒரு நாள் கேட்டுக்கொண்டு போய், மறுநாளைக்குப் பிறகு சமாளிப்போம்.

அதனால் விவசாயத்தை முதலில் எழுதச் சொன்னேன். அடுத்து உயிரியல் விஞ்ஞானம், அப்புறம் உணவுத் தொழில்நுட்பமோ என்னவோ ஒன்று. கால்நடை மருத்துவம் நாலாவது. கொடுக்க மனம் உள்ளவர்கள் அதையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மகள் கையேட்டை மூடி, அடிமட்டத்தை அதன்மேல் வைத்தாள். என் மனைவி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "புள்ள மூஞ்சியப் பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த முகம் என்னை உறுத்தியது. எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பது என் பொறுப்பு. எனக்குத் தெரியாததை அம்மனிடம் கேட்பதுதான் என் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, வெற்றிலையில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலமும் சிவப்புப் பூ ஒரு பொட்டலமும் கட்டினேன். கிளம்பும்போது மனைவி கேட்டாள்.

"என்னன்னு கேக்கப் போறீங்க?"

"எது தப்பாம கிடைக்கும்னு. வெள்ளை வந்தா விவசாயம். செவப்பு வந்தா மாட்டு டாக்டர்."

"நீங்க ஆத்தாகிட்டயும் ரெண்டு தகரந்தான் கேப்பீங்க," என்றாள்.

பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டுக் கும்பிட்டுவிட்டு, அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். பிரித்தேன். வெள்ளை. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்து மகள் நெற்றியில் திருநீறு பூசி விஷயத்தைச் சொன்னேன். "சரிப்பா," என்றாள். நான் சொன்ன வரிசையை அப்படியே ஒரு கொப்பித்தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள்.

விண்ணப்பம் மூடுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது இருவரும் பதுளைக்குப் போனோம். அவளுடைய பாடசாலையில் அதிபரிடம் சில கடுதாசிகளுக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஹல்துமுல்லையில் விடியவே பஸ் ஏறி, பண்டாரவளைவரை நின்றுகொண்டே போய், அதற்குப் பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. கையெழுத்து வாங்கி முடிய உச்சிப்பொழுது ஆகிவிட்டது. விண்ணப்பத்தை இன்டர்நெட்டில்தான் நிரப்ப வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு துணிக்கடை. அதன் பாதியைத் தடுத்து, போன், கம்ப்யூட்டர், போட்டோ கொப்பி எல்லாம் வைத்துக் கொமினிகேஷன் ஆக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால், கடைக்காரரின் மனைவி, ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தார்.

பெயர், முகவரி, சுட்டெண் எல்லாம் மளமளவென்று அடித்தார். பிறகு மகளிடமிருந்து கொப்பித்தாளை வாங்கிப் பார்த்தார். விரல் நின்றுவிட்டது.

"இது யாரு போட்ட வரிசை?"

"நான்தாங்க," என்றேன்.

"அண்ணே, இவ்வளவு புள்ளிய வச்சுக்கிட்டு மாட்டு டாக்டரை நாலாவதா போட்டிருக்கீங்களே. நாலாவதா போட்டா அது போடாத மாதிரித்தான்."

"ஏங்க?"

"மேல இருந்து பாத்துக்கிட்டே வருவாங்க. எது முதல்ல புள்ளிக்குச் சரி வருதோ, அங்கேயே நிப்பாட்டிருவாங்க. அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்கன்னு திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. விவசாயம் ஒங்களுக்கு வந்துரும். வந்தா அதோட முடிஞ்சுது."

எனக்குப் பிடிபடவில்லை. "முதல்லயே பெருசா கேட்டு, அது இல்லன்னு ஆயிருச்சுன்னா?"

"அடுத்ததுக்கு வருவாங்க."

"கோவிச்சுக்கிட்டு அதையும் இல்லன்னுட்டா?"

அவர் கையை எடுத்துவிட்டு என் பக்கமாகத் திரும்பினார். "யாருண்ணே கோவிச்சுக்கிறது? இது என்ன தோட்டத்து ஆபீசா? கம்ப்யூட்டருக்கு ரோசம் கெடையாது. நம்ம கடைக்குச் சேலை எடுக்க வர்ற பொம்பளைங்க, பிடிச்சதத்தான் முதல்ல காட்டச் சொல்றாங்க. அது ஒத்து வரலன்னாத்தான் அடுத்த சேலை. மட்டமானத முதல்ல எடுங்கன்னு யாராவது கேப்பாங்களா?"

போட்டோ கொப்பி எடுக்க நின்ற ஆள் சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு இது தெரியுமா?"

"கையேட்டுலயே இருக்குப்பா."

"அப்ப ஏன் சொல்லல?"

மெதுவாகச் சொன்னாள். "நீங்க அம்மன்கிட்ட கேட்டுட்டீங்கல்ல."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஐந்து நிமிசம் பொறுங்கள் என்று கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சந்தைப் பக்கமாக ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தியிருந்தது. கம்பிக் கேற்றுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே ஒரு விளக்கு மட்டும் தெரிந்தது.

அம்மன் வாக்கை மீறுவதா என்பதுதான் என் பயம். பூ வந்த பிறகு மாற்றி நடந்ததாக என் குடும்பத்தில் யாரும் இல்லை. ஆனால் மகள் ஒரு வார்த்தை பேசாமல் நாலு வருட ஆசையை மடித்துக் கொப்பித்தாளில் வைத்திருந்தாளே, அதையும் அம்மன்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்ட கேள்வியைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எது தப்பாமல் கிடைக்கும் என்று கேட்டேன். விவசாயம் என்று சொன்னாள். அது சத்தியமான பதில். கடைக்கார அம்மாவும் அதையேதான் சொன்னார். பிள்ளைக்கு எதை முதலில் எழுதட்டும் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவளை ஏன் பொறுப்பாக்குகிறேன்? துரையிடம் கூனிக்கொண்டு நிற்பதுபோலத் தாயிடமும் நின்றிருக்கிறேன். அவள் துரை இல்லை. பெரிதாகக் கேட்டதற்காக அவள் யாரையும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

"எழுதும்மா," என்றேன். "ஒனக்கு எது வேணுமோ அத முதல்ல எழுது."

"அம்மன்?"

"அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கடைக்கார அம்மா விடவில்லை. "அப்படின்னா மருத்துவத்தையே முதல்ல போட்டுருவோமே. கேக்கிறதுக்கென்ன."

"வேணாங்க ஆன்ட்டி," என்றாள் மகள். அதுவரை இல்லாத ஒரு உறுதி குரலில் இருந்தது. "கெடைச்சாலும் நான் அதுக்குப் போக மாட்டேன். கால்நடைதான் முதல்ல. விவசாயம் ரெண்டாவது."

அவர் என்னைப் பார்த்து, "அப்பனுக்கு நேர்மாறா வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அடித்தார். கடைசிப் பொத்தானை அழுத்தும்போது மகளின் கையைப் பிடித்து அவளையே அழுத்தச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சோற்றைப் போட்டாள். எனக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது, தப்பாகக் கேட்டுவிட்டேன் தாயே என்று அம்மனிடம் சொன்னேன். மறுபடி பூப்போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு. தொழிற்சாலையில் ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள், "கெடைச்சிருமா?" என்று. ஒருவர் போன வருடம் தெமோதரையில் ஒரு பிள்ளைக்கு இதைவிடக் கூடப் புள்ளி இருந்தும் வரவில்லை என்பார். இன்னொருவர் இந்த வருடம் எல்லாப் புள்ளியும் இறங்குமென்று தானே இறக்கி வைத்ததுபோலச் சொல்வார். நான் முந்தி என்றால், "பாப்போம்" என்றிருப்பேன். இப்போது, "கேட்டிருக்கோம்" என்றேன். அடிமட்டத்தை வைத்து அந்தக் கட்டத்தை மட்டும் அடிக்கடி பார்ப்பேன். மூன்றாவது தசமம் அசையாமல் அங்கேயே இருக்கும். ஆனாலும் இரண்டாவது இடத்தில் விவசாயம் இருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்ற எண்ணம் ஒரு தெம்பைத் தந்தது.

வெட்டுப்புள்ளி வந்த அன்று நான் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டும் தட்டில் இருந்தேன். காற்றாடி ஓடும் சத்தத்தில் கீழே கூப்பிட்டது கேட்கவில்லை. ஒருவர் வந்து தோளைத் தட்டினார். இறங்கிப் போனேன். மகள் கேற்றுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். லயத்திலிருந்து மேட்டை ஓடியே ஏறி வந்திருக்கிறாள். கையில் கைபேசி.

"எறங்கியிருக்குப்பா. பதுளைக்கு எறங்கியிருக்கு."

"ஒனக்கு?"

"கெடைச்சிருக்கு."

எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் கேட்டேன். "எத்தனையாவது விருப்பம்மா?"

"முதலாவதுப்பா," என்றாள்.

நான் எழுதச் சொன்ன வரிசைப்படி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. "எல்லாம் இங்கிலீஷ்லயாம்ப்பா, பயமா இருக்கு," என்றாள். கொழுந்துக் கறை படிந்த கையோடு அவள் தலையைத் தொட யோசித்தேன். அவளே என் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.